பக்லிங் புத்தகம் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஆனி, ஆடி மாதங்களில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வீசும் காற்றில் நின்று பார்த்தவர்களுக்குத் தகரக் கூரை எவ்வளவு லேசானது என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கம் அரிசி ஆலைக்கும் கிடங்குக்கும் ஷெட் வரையும் இளம் பொறியாளர்கள், "கட்டமைப்பு நிலைப்புத்தன்மைக்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் சார்" என்று கேட்பதுண்டு. எதைக் கணக்கிடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. முதல் சறுக்கல் அங்கேதான். மண்சரிவு, தடுப்புச் சுவர் கவிழ்வது, கப்பல் சாய்வது எல்லாமே நிலைப்புத்தன்மைதான். ஷெட்டுக்கு வேண்டியது, அழுத்தம் தாங்காமல் உறுப்பு பக்கவாட்டில் நெளியும் பக்லிங்.

அடுத்தது, பெரிய பெயரைப் பார்த்து வாங்குவது. நானும் அப்படித்தான் செய்தேன். 1936இல் வெளிவந்து, 1961இல் ஜேம்ஸ் கியர் என்பவரின் துணையோடு திருத்தப்பட்ட, பொறியியல் அறிஞர் திமோஷென்கோவின் நூலை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிவந்தேன். ஏன் நெளிகிறது என்பதை அதைவிடத் தெளிவாக விளக்கும் நூலை நான் படித்ததில்லை. ஆனால் டிரஸில் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டகத்தில்) வரும் ஆங்கிளை, அதாவது 'எல்' வடிவ எஃகுத் துண்டை, ஒரே போல்ட்டில் பிடித்தால் எந்த நீளத்தை எடுப்பது என்று அதில் தேடி ஒரு மாலையைத் தொலைத்தேன். ஆய்லர் 1744இல் தந்த சூத்திரம் நூல் பிடித்தாற்போல் நேரான தூணுக்கு உரியது. ஆலையிலிருந்து வரும் ஆங்கிளில் சிறு வளைவு இருக்கும். சூட்டில் உருட்டி ஆறும்போது உள்ளே தகைவும் (பரப்பின் மீதான உள்விசை) தங்கிவிடும். அதனால்தான் எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 800:2007, உறுப்பு மெலிய மெலியத் தாங்குதிறன் எப்படிக் குறைகிறது என்று காட்டும் நான்கு கோடுகளை, அதாவது பக்லிங் வளைவுகளைத் தந்து, ஆங்கிளை 0.49 குறைபாட்டுக் காரணியோடு 'சி' வளைவில் வைக்கிறது. அந்த வளைவைப் போட்டுக் காட்டும் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பழைய புத்தகக் கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இதே விதிநூலின் 1984 பதிப்பைப் பின்பற்றியவை. அதில் தவறொன்றும் இல்லை, கலப்பதுதான் ஆபத்து. 1984 முறையில் சுமை உள்ளபடியே இருக்கும், அனுமதிக்கும் தகைவு குறைந்திருக்கும். 2007இல் சுமையைப் பெருக்கிக்கொண்டு தாங்குதிறனோடு ஒப்பிடுகிறோம். புதிய நூலின் தாங்குதிறனைப் பழைய நூலின் பெருக்காத சுமையோடு வைத்துப் பார்த்தால், பாதுகாப்புக்கென்று விட்ட இடைவெளி பெரும்பாலும் காணாமல் போய்விடும். கணக்குத் தாளில் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

அமெரிக்க நூல்களில் கிப், அங்குலம் என்ற அலகுத் தொல்லை சிறியது. அவர்களுடைய நேரடிப் பகுப்பாய்வு முறையில் நீளக் காரணியை (உறுப்பின் நீளத்தை எத்தனை மடங்காகக் கொள்வது என்ற எண்ணை) 1 என்றே எடுக்கலாம். அதற்கு ஈடாக அவர்கள் விறைப்பை 0.8 மடங்காகக் குறைத்து, கற்பனைக் கிடைச்சுமையையும் சேர்த்து, சட்டகம் சாய்ந்த பிறகு சுமை தரும் கூடுதல் விளைவுகளோடு (இரண்டாம் நிலை விளைவுகள்) பகுப்பாய்கிறார்கள். 1ஐ மட்டும் பிய்த்துக்கொண்டு வருபவர்கள் மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுபவை, விதிநூலின் அட்டவணையை மட்டும் அச்சடித்து விற்கும் கையேடுகள். ஐ.எஸ். 800இன் மூன்றாம் அட்டவணை மெலிவு விகிதத்தின் (நீளத்தைக் குறுக்குவெட்டின் சுழல் ஆரையால் வகுத்தால் வருவது) உச்சவரம்பைச் சொல்கிறது: நிலைச்சுமை, பயன்சுமை இரண்டாலும் அழுத்தம் வரும் உறுப்புக்கு 180, காற்றோ நிலநடுக்கமோ சேரும்போது மட்டும் அழுத்தம் வந்தால் 250, காற்றில் விசை திசைமாறக்கூடிய கூரை இழுவை உறுப்புக்கு 350. டிரஸின் அடிக்கட்டை, அதாவது அடியில் கிடையாக ஓடும் உறுப்பு, சாதாரண நாளில் இழுவையில் இருக்கிறது. காற்று கூரையை மேலே உறிஞ்சினால் அதுவே அழுத்தத்துக்கு மாறும். கையேட்டைப் பார்த்து 350 என்று எடுத்துவிடுகிறார்கள். அழுத்தம் வரும் நேரத்தில் அந்த உறுப்பு வேலை செய்வதாகக் கொள்ளப்படாது என்ற நிபந்தனையும் அந்த வரியில் இருக்கிறது. கையேட்டில் அதைக் காணோம். அடிக்கட்டை ஒதுங்கிக்கொண்டால் அந்த விசையை வேறு யார் சுமப்பது?

பேட்டைப் பக்கம் ஒரு சிறு ஷெட்டின் வரைபடம் சரிபார்க்க வந்தது. அடிக்கட்டை 50×50×6 ஒற்றை ஆங்கிள். அதன் மிகக்குறைந்த சுழல் ஆரை 9.6 மி.மீ. பக்கவாட்டுப் பிடிப்பு 3 மீட்டருக்கு ஒன்று. விகிதம் 312. 350க்குள் இருக்கிறதே என்று வரைந்தவர் வாதாடினார். விதிநூலையே திறந்து அந்த வரியை முழுதாக வாசிக்கச் சொன்னேன். பிடிப்பு 2 மீட்டருக்கு ஒன்றாக மாறியது, விகிதம் 208 ஆனது. அதன்பிறகு 'சி' வளைவில் தாங்குதிறனையும் கணக்கிட்டோம். 250க்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது.

விதிநூலை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் தளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். திருத்தத் தாள்களையும் சேர்த்து இறக்குங்கள். புத்தகம் வாங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.