குதிரையேறிப் போருக்குப் போன பூட்டனைத் தேடுவது எப்படி?

கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த இலங்கையர்) கிளையோ தோட்டத்துரை ஒருவரின் வழியோ கலந்திருக்கும். "பூட்டனார் குதிரையில் போய்ச் சண்டை பிடித்தவர்" என்ற ஒரு வரியோடு அவர் கதை நின்றுவிடும். அந்த வரியிலிருந்து ஆவணத்துக்குப் போகும் வழி இது.

படி 1: எந்தப் படை, எந்த ஆண்டு?

இதில் பிழைத்தால் மற்றத் தேடல் எல்லாம் வீண். இலங்கையின் குதிரைத் தொண்டர்படை 1892இல் சிலோன் மவுண்டட் இன்ஃபன்ட்ரி என்ற பெயரில் தொடங்கியது. 1906இல் சிலோன் மவுண்டட் ரைபிள்ஸ் ஆனது. 1938இல் கலைக்கப்பட்டது. குதிரையில் விரைந்து போய், இறங்கி நின்று துப்பாக்கியால் சுடுவதே இவர்கள் போர்முறை. ஆகவே ஆவண அட்டவணைகளில் 'கவல்ரி' (குதிரைப்படை) என்று தேடினால் அகப்படமாட்டார்கள். படையின் முழுப் பெயரால் தேடுங்கள்.

1900இல் இப்படையின் ஒரு பிரிவு போயர் யுத்தத்துக்காக, அதாவது பிரித்தானியர் டச்சு வழிவந்த போயர்களோடு நடத்திய போருக்காக, தென்னாபிரிக்கா சென்றது. 1914 அக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறி, பின்னர் முதலாம் உலகப் போரின் துருக்கிக் களமான கலிப்பொலியில் நின்றவர்களோ சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸைச் சேர்ந்தவர்கள். அது வேறு படை. இரண்டிலும் தோட்டத்துரைமாரே நிறைந்திருந்ததால் குடும்பக் கதைகளில் இவை எளிதில் ஒன்றாகிவிடும். தென்னாபிரிக்காவா எகிப்தா என்று முதலில் கேளுங்கள்.

படி 2: வீட்டு அலுமாரி

பதக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. போயர் யுத்தத்துக்கான குயின்ஸ் சவுத் ஆபிரிக்கா பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: இலக்கம், பதவி, பெயர், படை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். நாடாவில் உள்ள சிறு உலோகப் பட்டிகள் அவர் எந்தக் களங்களில் நின்றார் என்று சொல்லும். தயவுசெய்து அதைத் துலக்காதீர்கள். நூறாண்டு தாண்டிய எழுத்து தேய்ந்துபோனால் திரும்ப வராது. புகைப்படங்களின் பின்பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

படி 3: கொழும்பு 7

பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாசிப்பறை நேரத்தை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அதிகாரியாக இருந்தவரின் நியமனம் அரச வர்த்தமானியில் வந்திருக்கும். சாதாரணத் தொண்டரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவருக்குப் பத்திரிகைகளே துணை. பிரிவு கப்பலேறிய மாதங்களின் சிலோன் ஒப்சேவர், டைம்ஸ் ஒஃப் சிலோன் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பொறுமைக்குப் பலன் தரக்கூடிய இடமும் இதுவே.

என் கணிப்பில் தொடக்கநிலைத் தேடலுக்கு மிகவும் பயன்படுவது அக்கால இலங்கையின் விவரக்கொத்தான ஃபேர்கசன் டிரெக்டரி. தோட்டங்களும் அவற்றில் இருந்த துரைமாரும் அதில் பட்டியலிடப்பட்டிருக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளின் பிரதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஓராண்டில் பெயர் மறைந்தால் உடனே போர் என்று முடிவுகட்டாதீர்கள். தோட்டம் மாறியிருக்கலாம், ஊர் திரும்பியிருக்கலாம். இன்னொரு ஆவணம் அதையே சொல்லும்வரை பென்சிலால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பறங்கியர் கிளை என்றால் டச்சுப் பறங்கியர் சங்கமான டச்சு பேர்கர் யூனியனின் சஞ்சிகையையும் தேடுங்கள். 1908இல் தொடங்கிய அதில் வம்சாவளிகள் வெளியாகியிருக்கின்றன.

படி 4: போரில் இறந்தவரானால்

கொமன்வெல்த் யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத் தேடல் இலவசம். ஆனால் அது இரு உலகப் போர்களுக்கே உரியது. போயர் யுத்தத்தில் இறந்தவரை அங்கே தேட வேண்டாம்.

படி 5: லண்டன் கோப்புகள்

லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 100 என்ற தொடர் போயர் யுத்தப் பதக்கப் பட்டியல்களைக் கொண்டது. முதலாம் உலகப் போருக்கு டபிள்யூ.ஓ. 372. இலங்கை ஆளுநருக்கும் லண்டனுக்கும் இடையிலான கடிதங்கள் சி.ஓ. (குடியேற்ற நாட்டு அலுவலகம்) 54இல் இருக்கின்றன. பிரதிக்குப் பணம் கட்டுமுன் முதலெழுத்துகளை வேறுவேறு விதமாக மாற்றித் தேடுங்கள். அதே குடும்பப்பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தால், படி 2இல் கிடைத்த இலக்கத்தைக் கொண்டே உங்களுடையவரைப் பிரித்தறியலாம்.