குமரி மழைக்காலத்தில் சல்கேட்டா ஆமைக்குத் தீனி

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, ஐப்பசி பிறந்ததும் ஆமையை அட்டைப்பெட்டியில் வைத்துத் தூங்கவிடுகிறவர்கள் உண்டு. ஐரோப்பிய ஆமைக்கும் ரஷ்ய ஆமைக்கும் குளிர்கால உறக்கம் உண்டுதான். சல்கேட்டா சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்துப் பிராணி, அதற்கு அந்தப் பழக்கமே கிடையாது. வருஷம் முழுக்கத் தின்னும். நம்மூரில் மார்கழி இரவுகூட 22 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். தீனியைக் கெடுப்பது விடாத மழையும், வெயில் முகம் காட்டாத பகலும், நனைந்த தரையும்.

தீனிக்கு முன் சட்டம். நட்சத்திர ஆமையையும் நம் மலைக்காட்டு ஆமைகளையும் வீட்டில் வளர்ப்பது குற்றம்; கையில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சல்கேட்டா சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) உள்ள வெளிநாட்டு இனம் என்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம்: சூடு முதலில், தண்ணீர் அடுத்து, தீனி கடைசியில். ஆமை தின்ற புல்லைச் செரிக்க வைப்பவை குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள். உடம்பு சூடேறாவிட்டால் அவை மந்தமாகிவிடும், தின்றது வயிற்றிலேயே கிடந்து புளிக்கும், வாயு சேரும். அதனால் காலையில் எழுந்ததும் இலையைப் போடாதீர்கள். கூண்டில் சூடு தரும் பல்பைப் போட்டு, அதன் அடியில் தரையில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்; 35 டிகிரி காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணி வாக்கில் தீனி. பல்பை அணைப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கரண்ட் வராத புயல் நாளில் தீனியே வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் ஆமைக்கு ஒன்றும் ஆகாது.

குட்டியை வாரம் மூன்று முறை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடுங்கள், தாடை மட்டத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். குடிக்கும், கழிக்கும். வெள்ளையாக வருவது தயிர் போல் குழைவாக இருந்தால் சரி. மணல் போல் நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை, தினமும் விடுங்கள். எடுத்தவுடன் துணியால் துடைத்து, பல்புக்கு அடியில் வையுங்கள்.

தீனியில் பத்தில் எட்டு பங்கு புல். மழை பெய்ததும் வரப்பெல்லாம் பச்சைப்பசேல் என்று கிடக்கும், இது போதுமே என்று தோன்றும். அந்த இளம்புல் வெறும் தண்ணீர், நார் குறைவு. அதை மட்டும் தின்றால் ஓரிரு நாளில் கழிசல்தான். புரட்டாசி வெயிலிலேயே அருகம்புல்லும் கினியாப் புல்லும் அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். காய்ந்த புல்லில் பச்சை வாசம் வர வேண்டும். முடை நாற்றமோ சாம்பல் பூப்போ இருந்தால் அந்தச் சாக்கையே கொட்டிவிடுங்கள், உதறிப் போட்டாலும் பூஞ்சை போகாது. வைக்கோல் வேண்டாம், சத்தில்லாத சக்கை.

காய்ந்த புல்லை ஆமை முதலில் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, இரண்டு செம்பருத்திப் பூவைக் கசக்கிப் பிசிறுங்கள். பூவின் கொழகொழப்பில் புல் ஒட்டிக்கொள்ளும், பூவைக் கடிக்கப்போய்ப் புல்லும் உள்ளே போகும். பூ வீட்டுச் செடியில் பறித்ததாக இருக்கட்டும், சந்தைப் பூவில் மருந்து இருக்கும். வாரா வாரம் பூவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வேளைக்கு அதன் ஓட்டளவு குவியல் போதும். தட்டையான கல்லிலோ கூரை ஓட்டிலோ வையுங்கள். மண்ணில் போட்டால் மணலும் சேர்ந்து குடலுக்குப் போய் அடைக்கும்.

மீதி இரண்டு பங்குக்குச் செம்பருத்தி இலை, மல்பெரி இலை, சப்பாத்திக்கள்ளி மடல். ஆரல்வாய்மொழிப் பக்கம் கள்ளிக்குப் பஞ்சமில்லை. பெரிய முள்ளை வெட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பூமுள் கருகும்வரை அடுப்பில் வாட்டிக் கொடுங்கள். முருங்கை இலையில் சுண்ணாம்புச் சத்து நிறைய, புரதமும் நிறைய, வாரம் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். பாலக்கும் தண்டுக்கீரையும் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும், தவிர்க்கலாம். மட்டிப்பழம், செவ்வாழை, பலாச்சுளை, சோறு, பிஸ்கட் எதுவும் கூடாது. பாசத்தில் நீட்டும் ஒரு துண்டுப் பழம் குடலைப் புளிக்கவைத்துவிடும்.

விஷ விஷயத்தில் நம்மூருக்கென்றே சில உண்டு. மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடு இருக்கிறது. அரளி, எருக்கு, உண்ணிச்செடி எதையும் கூண்டுப் பக்கம் விடாதீர்கள். வாழைத்தோப்பில் குருணை மருந்து போட்டிருந்தால் அங்குள்ள புல் வேர் வழியாக அதை உறிஞ்சியிருக்கும், கழுவினால் போகாது. ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேட்டுவிட்டு அறுங்கள்.

ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்பு வேண்டும். அதற்குக் கணவாய் மீனின் ஓட்டைவிட மலிவானது இல்லை. முட்டம், குளச்சல் கரையில் ஒதுங்கிக் கிடந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தால் உப்பு போகும். காயவைத்து, முதுகுப் பக்கத்துக் கெட்டித் தகட்டை உரித்துவிட்டு, உள்ளே சுண்ணக்கட்டி போல் இருக்கும் பகுதியைக் கத்தியால் சுரண்டுங்கள். குட்டிக்கு வாரம் மூன்று நாள் ஒரு சிட்டிகை.

அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அது வெயிலின் புற ஊதாக் கதிரில் உண்டாவது. கண்ணாடி ஜன்னல் வழி வரும் வெயில் கணக்கில்லை. மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் அரை மணி நேரம் வெளியே விடுங்கள், நிழலும் பக்கத்தில் இருக்கட்டும். வாரக்கணக்கில் மூட்டமாக இருந்தால் அந்தக் கதிரைத் தரும் யுவிபி குழல்விளக்குதான் வழி. வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துகொண்டே போகும், வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

ஞாயிறுதோறும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். தின்னாமல் நின்றால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள். முதலில் தரைச் சூட்டைப் பாருங்கள், பெரும்பாலும் படுக்கை நனைந்து ஊறியிருக்கும். காய்ந்த படுக்கை மாற்றி, இரவில் வெளிச்சம் வராத பீங்கான் ஹீட்டரை, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் போட்டுக் குட்டிக்கு 26 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் தீனிக்கு வரும். மூக்கில் நுரைக்குமிழி, வாயைத் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டி நீட்டி இழுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் நுரையீரலில் சளி கட்டியிருக்கும். அன்றைக்கே, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வண்டியில் போகும்போது வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள்.