ஆகாய், சகரியா, மல்கியா: தேதியைப் பிடித்துக்கொண்டு படிக்கும் முறை

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் கடைசியாக வரும் இந்த மூன்று தீர்க்கதரிசி நூல்களும் சேர்ந்து 20 அதிகாரங்கள்தான். ஆனாலும் நேரே சகரியாவில் இறங்குகிறவர்கள் குதிரை, கொம்பு, பறக்கும் சுருள் என்று திணறி மூடிவைத்துவிடுகிறார்கள். வாசல் அங்கே இல்லை.

படி 1: எஸ்றா நூலில் 1 முதல் 6 வரை அதிகாரங்களை வாசியுங்கள். கி.மு. 538 வாக்கில் பாரசீக அரசன் கோரேஸ், பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டிருந்த யூதர்களை ஊர் திரும்ப விட்டான். எருசலேம் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். பிறகு வேலை நின்றுபோனது. பின்னர் வந்த பாரசீக அரசன் தரியுவின் 2ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 520இல், ஆகாயும் சகரியாவும் பேசத் தொடங்குகிறார்கள்.

படி 2: ஆகாய், சகரியா இரண்டு நூல்களையும் தேதிவாரியாகப் பின்னி ஒரு நோட்டில் எழுதுங்கள் (மாதங்கள் யூத நாட்காட்டிப்படி). இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

6ஆம் மாதம் 1: ஆகாய் 1:1
6ஆம் மாதம் 24: வேலை தொடக்கம், ஆகாய் 1:15
7ஆம் மாதம் 21: ஆகாய் 2:1
8ஆம் மாதம்: சகரியா 1:1
9ஆம் மாதம் 24: ஆகாய் 2:10, 2:20
11ஆம் மாதம் 24: சகரியா 1:7

7ஆம் மாதம் 21 என்பது கூடாரப்பண்டிகையின் ஏழாம் நாள். பழைய ஆலயத்தின் மகிமையைக் கண்டவர் யார் என்று ஆகாய் அன்றைக்குத்தான் கேட்கிறார். சகரியாவுக்குத் தரிசனங்கள் வரும்போது கட்டட வேலை நடந்துகொண்டிருக்கிறது. அளவுநூல் பிடித்த மனிதன், அழுக்கு வஸ்திரம் தரித்த பிரதான ஆசாரியன் யோசுவா, ஆலயத்தைக் கட்டி முடிக்கப்போகும் யூதாவின் ஆளுநர் செருபாபேலின் கை எல்லாம் அந்தக் காலத்துக்குரியவை. நம் காலத்துச் செய்தித்தாளோடு பொருத்தும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள்.

படி 3: தரிசனங்களில் சகரியா கேட்கும் கேள்விக்கும் தூதன் சொல்லும் பதிலுக்கும் அடிக்கோடு இடுங்கள். தூதன் விளக்காததை நீங்களும் விளக்க வேண்டாம்.

படி 4: சகரியா 8ஆம் அதிகாரத்தோடு நிறுத்துங்கள். 9 முதல் 14 வரை தேதியும் இல்லை, செருபாபேலும் இல்லை. அவை பிற்காலத்தவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கடைசியில் தனியாகப் படிக்கலாம்.

படி 5: மல்கியாவுக்கும் தேதி கிடையாது. ஆனால் ஆலயத்தில் பலி நடக்கிறது; ஆகவே தரியுவின் 6ஆம் ஆண்டில் ஆலயம் கட்டி முடிந்ததற்குப் பிந்தைய நூல். கடவுளின் கூற்று, மக்களின் எதிர்க்கேள்வி, அதற்கான பதில் ஆகியவற்றுக்கு மூன்று நிறப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், ஏற்பானா என்ற குத்தல் 1:8இல் இருக்கிறது. உடனே நெகேமியா 13ஐத் திறந்தால், செலுத்தாத தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), அந்நிய மணம் என்று மல்கியா அடுக்கும் அதே வழக்குகள் அங்கேயும் வரிசையில் நிற்கின்றன.