ஸ்பெயினின் ஆட்சி 1898இல் முடிந்தது என்று எழுதுவதற்கு முன்

ஸ்பெயினின் கடல்கடந்த ஆட்சி எப்போது முடிந்தது என்ற கேள்விக்கு, போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும் இணையக் கட்டுரைகளிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: 1898, அமெரிக்காவுடனான போர். முக்கியமான ஆண்டுதான். ஆனால் அதை முற்றுப்புள்ளியாக வைத்துவிட்டால் முன்னும் பின்னும் முக்கால் நூற்றாண்டுக் கதை காணாமல் போகிறது. அதோடு, அந்த ஆட்சியை உயிரைக் கொடுத்து அசைத்த மக்களும் காணாமல் போகிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் இந்த இரண்டாவது இழப்பில்தான்.

தொடக்கத்திலேயே ஒரு தவறு நேர்கிறது. 1808இல் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் படையைச் செலுத்தி, மன்னர் ஏழாம் பெர்னாண்டோவை முடி துறக்கச் செய்து, தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் அமர்த்தினார். அதனால் காலனிகள் பிரிந்தன என்று எழுதுகிறார்கள். அது உடனடிக் காரணம் மட்டுமே. விரிசல் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. ஐரோப்பிய வல்லரசுகள் மோதிய ஏழாண்டுப் போரின்போது, 1762 என்ற ஒரே ஆண்டில், ஸ்பெயினின் கையிலிருந்த ஹவானாவையும் மணிலாவையும் பிரிட்டன் பிடித்தது. மணிலாவைத் தாக்கிய படை புறப்பட்டது சென்னையிலிருந்து. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்கு அருகே கைந்தா என்ற ஊரில் குடியேறினார்கள். உடன்படிக்கையின் மூலம் இரு நகரங்களும் திரும்பக் கிடைத்தாலும் மன்னர் மூன்றாம் கார்லோஸின் அரசு ஆடிப்போயிருந்தது. பாதுகாப்புச் செலவுக்காக வரிகளைக் கூட்டியது, உயர்பதவிகளுக்கு ஸ்பெயினில் பிறந்தவர்களையே அனுப்பியது, காலனிகளில் உள்ளூர்ப் படைகளைத் திரட்டியது. 1780இல் பெருவில் இரண்டாம் தூபாக் அமாருவின் எழுச்சியும், அடுத்த ஆண்டு இன்றைய கொலம்பியாவில் வரிக்கு எதிரான கொமுனேரோ கிளர்ச்சியும் இந்தப் பின்னணியில் வெடித்தவை.

1810ஐ விடுதலைப் பிரகடன ஆண்டாகக் குறிப்பது இன்னொரு தவறு. அந்த ஆண்டு ஏப்ரலில் கராகஸிலும் மே மாதம் பியூனஸ் அயர்ஸிலும் அமைந்த ஆட்சிக் குழுக்கள், சிறைப்பட்ட மன்னர் பெர்னாண்டோவின் பெயரால்தான் ஆள்வதாகச் சொல்லிக்கொண்டன. வெனிசுலா முறையாகப் பிரிந்தது 1811இல். அர்ஜென்டினா 1816 ஜூலை 9 அன்று. இடைப்பட்ட காலத்தில் சமரசத்துக்கு வழி இருந்தது. 1812இல் காதிஸ் நகரில் இயற்றப்பட்ட அரசியலமைப்பு அமெரிக்கக் கண்டத்துக் காலனி மாகாணங்களுக்கும் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் இடம் தந்தது. 1814இல் நாடு திரும்பிய பெர்னாண்டோ அதை ரத்து செய்தார். மறு ஆண்டே தளபதி மொரில்லோ தலைமையில் சுமார் 10,000 வீரர்களைக் கடல் கடந்து அனுப்பினார். பேரரசை இழக்கச் செய்தவர் யார் என்று என்னைக் கேட்டால், தென் அமெரிக்க விடுதலைப் படைத் தலைவர் பொலிவாரின் பெயரோடு பெர்னாண்டோவின் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

அந்தப் போர்களை ‘ஸ்பானியர் எதிர் அமெரிக்க மண்ணின் மக்கள்’ என்று வரையும்போது பிழை பெரிதாகிறது. பெரும்பாலான இடங்களில் அவை உள்நாட்டுப் போர்களாகவே நடந்தன. 1814இல் வெனிசுலாவில் பொலிவார் அமைத்த இரண்டாம் குடியரசை நொறுக்கியது ஸ்பெயினிலிருந்து வந்த படை அல்ல. வெனிசுலாவின் புல்வெளிகளில் மாடு மேய்த்த குதிரை வீரர்கள். அவர்களைத் திரட்டிய போவெஸ் ஸ்பானியர்தான். ஆனால் அவர் பின்னால் போனவர்களில் கறுப்பினத்தாரும் கலப்பினத்தாரும் நிறைந்திருந்தார்கள். நிலமும் அடிமைகளும் வைத்திருந்த கிரியோல்களின், அதாவது காலனியிலேயே பிறந்த வெள்ளையரின், குடியரசில் தங்களுக்கு என்ன இருக்கிறது என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. கொலம்பியாவின் பாஸ்தோ பகுதிப் பழங்குடியினர் அகுவாலோங்கோவின் தலைமையில் மன்னருக்காகப் போரிட்டார்கள். 1824 டிசம்பர் 9 அன்று பெருவின் அயாகுச்சோவில் பொலிவாரின் தளபதி சூக்ரே தோற்கடித்த அரசப் படையிலும் ஸ்பெயினில் பிறந்தவர்கள் சிறுபான்மையே.

பொலிவார் இந்தப் பாடத்தைக் கற்றது எய்ட்டியில். தோற்று அங்கே அடைக்கலம் புகுந்தவருக்கு அதிபர் பெத்தியோன் ஆயுதமும் கப்பலும் கொடுத்தார். கைம்மாறாக அடிமைகளை விடுவிக்கக் கேட்டார். 1816இல் பொலிவார் அதை அறிவித்தார். ஆனாலும் வெனிசுலாவில் அடிமை முறை முழுவதும் ஒழிந்தது 1854இல்தான். பெருவில் விடுதலைத் தளபதி சான் மார்ட்டின் 1821இல் நீக்கிய, பழங்குடியினர் மீதான ஆள்வரி, சுதந்திரக் குடியரசிலேயே 1826இல் திரும்ப வந்தது. ஸ்பெயின் வெளியேறியதும் எல்லோரும் விடுதலை பெற்றார்கள் என்று எழுதும் கை, இந்த ஆண்டுகளைப் பார்த்தபின் தயங்க வேண்டும்.

மெக்சிகோவின் 1821 விடுதலையையும் பாதிரியார் இடால்கோ 1810இல் தொடங்கிய எழுச்சியின் நேரடி வெற்றியாகக் காட்டக் கூடாது. அதை முடித்து வைத்தவர் இதுர்பிதே; பல ஆண்டுகள் கிளர்ச்சியாளர்களை வேட்டையாடிய அரசப் படை அதிகாரி. 1820இல், அமெரிக்கக் கண்டத்துக் காலனிகளுக்குக் கப்பலேறக் காத்திருந்த படையினர் ஸ்பெயினிலேயே கலகம் செய்து காதிஸ் அரசியலமைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதன் தாராளவாதத்துக்கு அஞ்சிய மெக்சிகோ மேட்டுக்குடியினர் பலரும் பிரிவினைப் பக்கம் சாய்ந்தார்கள்.

இனி 1898. ‘அமெரிக்கா கியூபாவை விடுவித்தது’ என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கியூபாவின் போராட்டம் 1868 அக்டோபர் 10 அன்று, செஸ்பெதெஸ் தன் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளை விடுவித்தபோது தொடங்கியது. முதல் போர் பத்தாண்டுகள் நீடித்தது. 1895இல் மீண்டும் மூண்ட போரில் கவிஞர் ஹோசே மார்த்தி மே மாதத்திலும், தளபதி மசேயோ அடுத்த ஆண்டு டிசம்பரிலும் விழுந்தார்கள். ஸ்பெயின் ஏறக்குறைய 2 லட்சம் வீரர்களை அந்தத் தீவில் இறக்கியது. தோட்டாவில் செத்தவர்களைவிட மஞ்சள் காய்ச்சல் போன்ற நோய்களில் செத்தவர்கள் பல மடங்கு. தளபதி வெய்லர் கிராம மக்களை முகாம்களில் அடைத்ததில் பட்டினியாலும் நோயாலும் பெருந்திரளாக மக்கள் மடிந்தார்கள். அமெரிக்கா வந்தது இதற்கெல்லாம் பிறகு, சில மாதங்களுக்கு. சாந்தியாகோ நகரம் சரணடைந்தபோது, அங்கே அமெரிக்கருடன் சேர்ந்து போரிட்ட கலிக்ஸ்தோ கார்சியாவின் கியூபப் படைக்கு நகருக்குள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. 1898இல் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய ‘மெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஸ்பெயின் வெடிவைத்துத் தகர்த்தது என்பதையும் உண்மையாக எழுத வேண்டாம். அதற்குச் சான்று இல்லை. கப்பலுக்குள்ளேயே நிலக்கரித் தீயால் வெடித்திருக்கலாம் என்று 1976இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிக்கோவர் நடத்திய ஆய்வு முடிவுக்கு வந்தது.

பிலிப்பைன்சில் நடந்தது இன்னும் கசப்பானது. போனிஃபாசியோ 1892இல் தொடங்கிய கத்திபூனான் என்ற ரகசிய விடுதலை இயக்கம் 1896இல் ஆயுதமேந்தியது. 1898 ஜூன் 12 அன்று புரட்சித் தலைவர் அகினால்டோ விடுதலையை அறிவித்தபோது நாட்டின் பெரும்பகுதியில் ஸ்பெயினின் பிடி தளர்ந்திருந்தது. ஆகஸ்ட் 13 அன்று ஸ்பானிய, அமெரிக்கத் தளபதிகள் முன்பே பேசிவைத்து ஒரு போலிச் சண்டையை நடத்தி மணிலாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். பிலிப்பினோ படை மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. டிசம்பர் 10 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுக்கூட்டம் அமெரிக்காவுக்குப் போனது. பேச்சுவார்த்தையில் கியூபரும் இல்லை, பிலிப்பினோக்களும் இல்லை. சில வாரங்களில் பிலிப்பைன்ஸ்–அமெரிக்கப் போர் தொடங்கியது. இதை ஸ்பெயினின் வீழ்ச்சிக் கதையிலிருந்து பிரித்து வேறொரு பாடத்தில் வைப்பவர்கள், ஆட்சி கைமாறியதை விடுதலை என்று வாசகரை நம்பவைக்கிறார்கள்.

கடைசியாக ஆப்பிரிக்கா. 1898க்குப் பிறகும் ஸ்பெயின் காலனி நாடாகவே இருந்தது. மொராக்கோவின் வடபகுதியை 1912 முதல் 1956 வரை ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் ஆண்டது. 1921இல் அன்னுவாலில் ரிஃப் மலைமக்களிடம் படுதோல்வி கண்டது. எக்குவடோரியல் கினி 1968 அக்டோபர் 12 அன்றுதான் விடுதலை பெற்றது. மேற்கு சஹாராவை 1975 நவம்பரில் மாட்ரிட் ஒப்பந்தத்தின் மூலம் மொராக்கோவின், மொரித்தானியாவின் நிர்வாகத்தில் விட்டுவிட்டு, 1976 பிப்ரவரி 26 அன்று வெளியேறியது. அதற்குச் சற்று முன்புதான் சர்வதேச நீதிமன்றம் அம்மக்களின் சுயநிர்ணய உரிமையை உறுதிசெய்திருந்தது. தன்னாட்சி பெறாத பகுதிகளின் ஐ.நா. பட்டியலில் மேற்கு சஹாரா இன்றும் இருக்கிறது. அங்கிருந்து வெளியேறிய சஹ்ராவி அகதிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் அல்ஜீரியாவின் திந்தூஃப் முகாம்களில் வாழ்கிறார்கள்.