இலக்கம் நீண்டால் மட்டும் போதுமா?

மாங்காய் சீசனில் சித்தூர்ப் பக்கம் எடைமேடையில் டிராக்டரை மூன்று முறை ஏற்றிப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எடைதான், கிலோ பிசகாது. அடுத்த ஊர் எடைமேடைக்குப் போனால் நாற்பது கிலோ கூடக் காட்டும். நகரியில் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஹைட்ரஜன் நிறமாலை (அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் கோடுகள்) நடத்தும்போது இதைத்தான் முதலில் சொல்வேன். திரும்பத் திரும்ப ஒரே எண் வந்தால் அது நுணுக்கம். சரியா என்பது வேறு கேள்வி.

ஹைட்ரஜனின் எலக்ட்ரான் 1எஸ் என்ற ஆற்றல் நிலையிலிருந்து 2எஸ் நிலைக்குத் தாவுகிற 1எஸ்–2எஸ் தாவலின் அதிர்வெண் 2,466,061,413,187,035 ஹெர்ட்ஸ். ஜெர்மனியின் கார்கிங்கில் அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். பிழை 10 ஹெர்ட்ஸ்தான். உடனே, "குவாண்டம் மின்னியக்கவியல் 15 இலக்கம் வரை சரி" என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். எலக்ட்ரானும் ஒளியும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் கோட்பாடு அது. பெரிய தவறு இதுதான். அந்த எண்ணைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட ரிட்பெர்க் மாறிலியும் (அணுவின் ஆற்றல் நிலைகளுக்கு அளவுகோலான எண்) வேண்டும், புரோட்டானின் ஆரமும் வேண்டும். ரிட்பெர்க் மாறிலியே ஹைட்ரஜனை அளந்துதான் கிடைக்கிறது. தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று! இரண்டாவது தாவலை அளந்தால் அந்த இரண்டின் மதிப்பும் கிடைக்கும். மூன்றாவதை அளக்கும்போதுதான் கோட்பாட்டுக்குப் பரீட்சை.

ஆரத்துக்கு இன்னொரு வழி, எலக்ட்ரானுக்குப் பதில் அதைப் போன்ற மியூவான் என்ற துகளை வைப்பது. அது 207 மடங்கு கனம். புரோட்டானை ஒட்டியே சுற்றும். 2010-இல் சுவிட்சர்லாந்தில் இப்படி அளந்தபோது 0.842 ஃபெம்டோமீட்டர் (அணுக்கருவை அளக்கும் மிகச்சிறிய நீள அலகு) வந்தது. அதுவரை ஏற்றிருந்தது 0.877. புது இயற்பியல் என்று பலர் குதித்தார்கள். அவசரம்தான். 2017-இல் கார்கிங்கில் 2எஸ்–4பி தாவலை அளந்தவர்கள், பக்கத்துக் கோட்டின் குறுக்கீடு கோட்டின் நடுவையே நகர்த்துவதைக் கணக்கில் எடுத்தார்கள், ஆரம் 0.83-க்கு இறங்கியது. கோட்டின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், தேடிய வித்தியாசமோ சில கிலோஹெர்ட்ஸ். கோட்டின் நடு எது என்பதே அங்கே வம்பு. சரி, தீர்ந்ததா? 2018-இல் பாரிஸில் 1எஸ்–3எஸ் அளந்து மறுபடி 0.877 என்றார்கள்! உங்களுக்குப் பிடித்த ஒரு முடிவை மட்டும் மேற்கோள் காட்டாதீர்கள்.

அப்புறம், எங்கள் ஆந்திரப் பெருமை ஒன்று: "ஹீலியம் குண்டூரில் கண்டுபிடிக்கப்பட்டது." 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரிலிருந்து பார்த்தது உண்மை. ஆனால் சூரியனின் நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடு, அதாவது ஹீலியத்தின் கோடு, சோடியம் இல்லை என்று பிரித்துச் சொன்னவர் இங்கிலாந்தில் இருந்த வானியலாளர் லாக்கியர். அலைநீளம் சோடியத்துக்கு 589.0, 589.6 நானோமீட்டர், இதற்கு 587.6. இடைவெளி ஒன்றரைகூட இல்லை. போன வாரம்கூட ஒரு ரெக்கார்டு நோட்டில் ஹீலியம் குழாய்க்கு நேரே 589 என்று இருந்தது. குழாய்க்குள் பார்க்காமல், முந்தின பக்கத்துச் சோடியம் விளக்கைப் பார்த்து எழுதியது.