கேமராவும் டிபன் பாக்ஸும் ஒரே தோள்பையில்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். சாயங்காலம் வெயில் நன்றாக இருந்தால் படம் எடுக்க அப்படியே முட்டம் கடற்கரைப் பாறைகளுக்குப் போய்விடுவேன். அதனால் கேமரா, டிபன் பாக்ஸ், தண்ணீர், குடை, சார்ஜர் எல்லாம் ஒரே தோள்பையில்தான். இதுவரை நான்கு பை மாற்றியாயிற்று. முதல் மூன்றையும் கேமராவை மட்டும் மனதில் வைத்து வாங்கினேன். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறும் இதுதான். சோறும் தண்ணீரும் குடையும் அதே பையில் ஏறப்போகின்றன என்பது கடையில் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது பையில் பாட்டிலுக்கு வெளியே இடம் கிடையாது. உள்ளேயே, லென்ஸுக்குப் பக்கத்து அறையில் வைத்திருந்தேன். ஒருநாள் மூடியைச் சரியாகத் திருகவில்லை போலிருக்கிறது. பஸ் வில்லுக்குறி தாண்டும்போது மடியில் ஈரம் தெரிந்தது. திறந்து பார்த்தால், ஃபோம் தடுப்பு தண்ணீரை உறிஞ்சி ஊறிப்போய், லென்ஸின் அடிப்பக்கம் அதில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த லென்ஸைத் துடைத்துக் காயவைத்துக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை: ஈரமாகக்கூடிய எதுவும் கண்ணாடி இருக்கும் அறைக்குள் போகக் கூடாது. பாட்டிலுக்கும் குடைக்கும் வெளியே தனிப் பாக்கெட் வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை நனைந்த குடை கையில் இருக்கும்.

‘வாட்டர் ப்ரூஃப்’ என்று அட்டையில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் துணி தண்ணீரை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். தையல் ஓட்டைகளும் ஜிப்பும்தான் தண்ணீர் இறங்கும் வழி. பையோடு ரெயின் கவர் வருகிறதா, ஜிப்பை மூடும்படி மேல்மடல் இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஜிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடற்கரையில் பை கெடுவது பெரும்பாலும் அங்கிருந்துதான். என் முதல் பையில் பித்தளை ஜிப், பார்க்க அழகாக இருக்கும். முட்டத்து உப்புக்காற்றில் ஒரு வருடம் போனதும் பற்களுக்கு இடையே பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இழுப்பான் பாதி வழியில் நின்றுவிடும். சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் பை திறக்காமல் மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் பருமனான பிளாஸ்டிக் பற்கள் உள்ள ஜிப்பைத் தேடி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இறுகினால் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் விடாதீர்கள், மணல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், வாங்கிய பையையே கேமராவுக்கு வீடாக்கிவிடுவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம். ஃபோமும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றோட்டம் இல்லை. பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? லென்ஸ் கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படரத் தொடங்கினால், சுத்தம் செய்தாலும் பல நேரம் பூச்சில் தழும்பு நின்றுவிடும். இரவில் கேமராவை வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஈரப்பத மானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் நல்லது. தோல் பை பிடித்தவர்களுக்கும் இதையே சொல்வேன். மழைக்காலத்தில் அலமாரிக்குள் தோல் பூசணம் பூத்துவிடும். கேன்வாஸோ நைலானோ நமக்கு நிம்மதி.

எடையைக் கடையில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மிரர்லெஸ் என்கிற சிறிய வகைக் கேமராவும், அதோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோ பக்கம் வரும். அதற்கு முந்தைய டிஎஸ்எல்ஆர் கேமரா காலத்து 70-200 எஃப் 2.8 என்ற பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றே ஏறத்தாழ ஒன்றரை கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. காலிப் பையே ஒரு கிலோ இருந்தால் நான்கு கிலோவைத் தாண்டி ஒரே தோளில் தொங்கும். பட்டை இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தால் தோளை அறுக்கும். பெரிய லென்ஸ் தினமும் வேண்டும் என்றால் முதுகுப்பைக்கு மாறிவிடுங்கள், தோள்பை அதற்குச் சரிவராது.

பெரிய பையாக இருந்தால் எதற்கும் உதவும் என்ற எண்ணமும் வேண்டாம். மாத்தூர் தொட்டிப் பாலத்தில் 115 அடி உயரத்தில், ஒடுக்கமான நடைபாதையில் எதிரே ஆள் வரும்போது தடித்த பை எவ்வளவு தொந்தரவு என்பது தெரியும். வெளி அளவைப் பார்த்து ஏமாறாமல் உள் அளவைக் கேளுங்கள். ஃபோம் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது தின்றுவிடும்.

கடைக்குப் போகும்போது கேமராவோடு டிபன் பாக்ஸ், நிறைந்த பாட்டில், குடை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பையில் அடுக்கி, பட்டையைக் குறுக்கே மாட்டி, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனியுங்கள். பை முதுகிலிருந்து வழுக்கி முன்னால் வந்து விழுகிறதா? பைக்கில் வளைவு திரும்பும்போதும் அது இப்படித்தான் ஹேண்டில்பாரில் வந்து இடிக்கும். இடுப்பில் கட்ட இன்னொரு சின்னப் பட்டை உள்ள பையாகக் காட்டச் சொல்லுங்கள்.