தேவன் தூரமாகத் தோன்றும்போது ஜெபிக்கத் தொடங்குவது எப்படி?

தேவனைவிட்டு வெகுதூரம் போய்விட்டதாக உணர்கிறவர்கள், தங்களைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்று காத்திருப்பதை முதலில் கைவிட வேண்டும்.

வேதாகமத்தில் லூக்கா சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்து, தகப்பனைவிட்டுத் தூரதேசம் போன இளைய குமாரனின் கதையை நிதானமாக வாசியுங்கள். பன்றி மேய்த்துப் பசியால் வாடிய அவன், தகப்பனிடம் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறான். "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பதே அதன் முடிவு. ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டு, மனதுருகி, ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறார். 21-ஆம் வசனத்தில் அவன் பாவத்தை அறிக்கையிடுகிறான். கூலிக்காரன் என்ற வேண்டுகோளோ அங்கே இல்லை, அதற்குள் தகப்பன் உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடம் என் நெஞ்சைத் தொடுகிறது.

அடுத்து, எங்கே போனாலும் தேவன் அங்கே இருக்கிறார் என்று சொல்லும் 139-ஆம் சங்கீதத்தின் 7 முதல் 12 வரையுள்ள வசனங்களைச் சத்தமாக வாசித்து, வானம், பாதாளம், சமுத்திரத்தின் கடையாந்தரம் என்று வரும் இடங்களில் உங்கள் நிலைமையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வார்த்தைகளே வரவில்லையென்றால், 88-ஆம் சங்கீதத்தை அப்படியே உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளலாம். இருளில் முடிகிற அந்தப் புலம்பலும் வேதத்தில் ஜெபமாகவே இடம்பெற்றிருக்கிறது. உணர்ச்சி ஏதும் எழாத நாளிலும், ஒரே வாக்கியமானாலும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுச் சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருங்கள். மறுநாளும் அதே நேரத்தில் அப்படியே செய்யுங்கள்.